ஷோரூம் கண்ணாடிக்குப் பின்னால் என் கால்கள்

என் இடது கெண்டைக்காலில் பச்சையாக ஒரு நரம்பு புடைத்து நிற்கிறது. முழங்காலுக்குக் கீழே ஆரம்பித்து, வளைந்து, இரண்டாகப் பிரிந்து, திரும்பச் சேர்ந்து, கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே முடிகிறது. குன்றத்தூரிலிருந்து ஒரகடத்துக்கு எங்கள் கம்பெனி பஸ் போகிற வழியை யாரோ பேனாவால் வரைந்த மாதிரி இருக்கும். மகள் வயிற்றில் இருந்தபோது வந்தது. அவள் வெளியே வந்து எட்டு மாதம் ஆகிவிட்டது. இது மட்டும் காலி செய்யவில்லை.

நான் வேலை செய்வது கார் சீட்டுக்கு உறை தைக்கிற தொழிற்சாலையில். தைப்பது மற்றவர்கள், தைத்து வருவதைக் கடைசியாகப் பார்ப்பவள் நான். லைனில் எனக்கு 'ஃபைனல்' என்றே பெயர். நூல் விட்டிருக்கிறதா, மடிப்பு கோணியிருக்கிறதா, எங்கேயாவது எண்ணெய்க் கறை இருக்கிறதா என்று தடவித் தடவிப் பார்த்து, சரியாக இருந்தால் ஓகே, இல்லாவிட்டால் என்.ஜி., அதாவது 'நாட் குட்' என்று ஒரு சிவப்பு ஸ்டிக்கர். யாரோ சொகுசாக உட்காருவதற்காக நான் நாள் முழுக்க நிற்கிறேன். படித்துப் பட்டயம் வாங்கி வேலைக்குச் சேர்ந்தவள், இதில் இருக்கிற அநியாயத்தைக் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை.

காலைப் பற்றி நான் யாரிடமும் சொல்லவில்லை. காரணம், நான் இன்னும் ட்ரெய்னி. மூன்று வருடம் முடியப்போகிறது. இரண்டு மாதத்தில் நேர்காணல் வைத்து நிரந்தரம் செய்வார்கள், அல்லது நன்றி சொல்லி அனுப்புவார்கள். முன்னொரு காலத்தில் யாரோ ஒரு பெண் நிற்க முடியவில்லை என்று ஸ்டூல் கேட்டாளாம், அவளை நிரந்தரம் செய்யவில்லையாம். அவள் யார், எந்த வருடம் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் லைனில் எல்லோரும் நம்பினார்கள். நானும் நம்பினேன். பயப்படுவதற்கு எனக்கு ஆதாரம் எல்லாம் தேவைப்படுவதில்லை.

நிரந்தரம் ஆனால் எனக்குக் கிடைக்கப்போவது கம்பெனிக்குள் இருக்கும் குழந்தைகள் காப்பகத்தில் ஓர் இடம். நிரந்தரப் பணியாளர்களின் பிள்ளைகளுக்கு மட்டும்தான் அங்கே அனுமதி. அதுவரை எங்கள் வீட்டு ஏற்பாடு இப்படி: என் கணவர் வேறொரு தொழிற்சாலையில் ராத்திரி ஷிஃப்ட். காலை ஏழு மணிக்கு அவர் பஸ் அவரை இறக்கிவிடும். ஏழு பத்துக்கு என் பஸ் என்னை ஏற்றிக்கொள்ளும். அந்தப் பத்து நிமிஷத்தில் பஸ் ஸ்டாப்பில் வைத்துக் குழந்தையைக் கைமாற்றுவோம்.

"பால் ஆறு மணிக்கு. வெளிக்குப் போயிட்டா. இடது காதைத் தேய்ச்சுக்கினே இருக்கா, பாத்துக்கோங்க."

"ஷிஃப்ட் ஹேண்டோவர் புக்ல கையெழுத்துப் போடணுமா?"

"வெளையாடாதீங்க. தூங்கிடாதீங்க."

அவர் தூங்கிவிடுவார். ராத்திரி முழுக்க மெஷின் ஓட்டிய மனிதர், தூங்காமல் என்ன செய்வார்? பகலில் அவர் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறாரா, குழந்தை அவரைப் பார்த்துக்கொள்கிறதா என்பது எனக்கு உறுதியாகத் தெரியாது. இப்போது அவள் தவழ வேறு ஆரம்பித்துவிட்டாள். ஆகவே அந்தக் காப்பகத்தின் இடம் எனக்கு வேண்டும். அதற்கு நேர்காணல் வரை என் கால் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும்.

காலுக்கு வெந்நீர் டப் வாங்கலாம் என்ற யோசனை கணவருடையது. ஒருநாள் சாயங்காலம் நான் சுவரில் காலை ஏற்றி வைத்துப் படுத்திருந்தபோது, போனைக் காட்டினார். பனி மலைக்கு நடுவே ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் கழுத்து வரை வெந்நீரில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தது. தண்ணீர் நாலாபக்கமும் பீய்ச்சியடித்தது.

"ஹாட் டப். காலுக்கு மசாஜ் தானா நடக்கும். காத்து அடிச்சு வெக்கிற மாடலும் இருக்கு. மொட்டை மாடில போட்டுடலாம்."

"நம்ம மாடிலயா? பக்கத்து மாடில வத்தல் காயுது."

"காயட்டும். நீ ஊறு."

கீழ்வீட்டில் இருக்கும் வீட்டு உரிமையாளர் அக்காவிடம் அனுமதி கேட்கப் போனது என் தப்பு. எதையும் கேட்டுவிட்டுச் செய்யும் வியாதி எனக்கு உண்டு. அவர் டப்பின் படத்தை உற்றுப் பார்த்தார்.

"எத்தினி குடம் புடிக்கும் இது?"

கணவர் ஏதோ கணக்குப் போட்டுச் சொன்னார்.

"அத்தினி தண்ணிய மேல ஏத்தினீங்கன்னா, நான் சாம்பார் வெச்சுகினு இருக்கும்போது நீங்க ரெண்டு பேரும் என் அடுப்பாண்ட வந்து எறங்குவீங்க. வோணாம் கண்ணு. வேற எதுனா செய்."

அத்தோடு பெரிய டப் முடிந்தது. பிறகு ஊர் திரும்பும் வெளிநாட்டு மேனேஜர் ஒருவர் தன் ஃபைபர் டப்பைக் கொடுக்கப்போகிறார் என்று கணவரின் நண்பர் மூலம் தெரிந்து, ஒரகடத்தில் ஓர் அடுக்குமாடிக்குப் போய்ப் பார்த்தோம். டப் எங்கள் படுக்கையறையை விட அரை அடி நீளம். அதை உள்ளே வைத்துவிட்டு நாங்கள் வெளியே படுக்கலாம். கணவர் ஒரு நிமிடம் அதையும் யோசித்தார் என்பதை அவர் முகத்தில் பார்த்தேன்.

கடைசியில் காலுக்கு மட்டுமான டப் என்று இறங்கினோம். முழங்கால் வரை உயரம், உள்ளே ஹீட்டர், கீழே உருளைகள், பக்கவாட்டில் குமிழி. அதற்குப் பிறகுதான் என் திறமை வெளிப்பட்டது. கம்பெனியில் புது சப்ளையரைத் தேர்வு செய்ய ஒரு செக் ஷீட் இருக்கும். அதே மாதிரி கட்டம் போட்டு ஒன்று தயாரித்தேன். சத்தம்: குழந்தை எழுந்துவிடுமா? விளிம்பு: அவள் விரலை வெட்டுமா? உருளை கெண்டைக்கால் வரை வருகிறதா, பாதத்தோடு நின்றுவிடுகிறதா? நிரம்பிய பிறகு யார் தூக்கிக் கொட்டுவது? தண்ணீரும் கரண்டும் ஒரே பெட்டிக்குள் இருப்பதற்கு யார் உத்தரவாதம்? ஆறு மாடல் பார்த்தேன். ஆறுக்கும் ஏதாவது ஒரு கட்டத்தில் என்.ஜி. விழுந்தது. ஒன்றில் ஒயர் நீளம் குறைவு. ஒன்றில் பிளாஸ்டிக் வாடை வருவதாக முன்பின் தெரியாத யாரோ விமர்சனம் எழுதியிருந்தார். அவர் நேர்மையானவராகத் தோன்றினார்.

நாற்பது நாள் ஓடிவிட்டது. கணவர் அந்தத் தாளை எடுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"பொண்ணு பாக்க வந்தப்ப என்னையும் இப்டி கட்டம் போட்டுத்தான் பாத்தியா?"

"அன்னிக்கு வெறும் சாம்பிள் இன்ஸ்பெக்‌ஷன்தாங்க. முழுசா பாத்திருந்தா அப்பவே ஸ்டிக்கர் ஒட்டியிருப்பேன்."

"இப்ப ரிட்டர்ன் எடுக்க மாட்டாங்க" என்றார் சந்தோஷமாக.

ஸ்ரீபெரும்புதூரில் குன்றத்தூர் சாலை ஓரமாக ஒரு ஷோரூம் இருந்தது. டப்பில் காலை வைத்துப் பார்த்துவிட்டே வாங்கலாம் என்று போர்டு போட்டிருந்தார்கள். சிக்கல் என்னவென்றால், எங்கள் கம்பெனி பஸ் போகிற சாலை அது. என்னை அங்கே யாராவது பார்த்தால் கால் கதை லைனுக்குப் போய்விடும். ஆகவே நேரத்தை நிதானமாகத் தேர்ந்தெடுத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை செய்ததற்குப் பதிலாக எனக்குப் புதன்கிழமை லீவு. காலை பதினொரு மணி. அந்த நேரத்தில் பகல் ஷிஃப்ட் முழுக்க உள்ளே நின்றுகொண்டிருக்கும். ராத்திரி ஷிஃப்ட் தூங்கிக்கொண்டிருக்கும். எந்த பஸ்ஸும் அசையாது. நானே என்னைப் பாராட்டிக்கொண்டேன்.

ஷோரூமில் விற்பனைக்கு இருந்த பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். டெமோ டப் சாலையைப் பார்த்த கண்ணாடிக்குப் பின்னால், ஒரு மேடை மேல் இருந்தது.

"இதை உள்ள தள்ளி வெக்க முடியுமா?"

"உள்ள பிளக் பாயிண்ட் இல்ல மேடம். ஏன், வெளிச்சம் நல்லாத்தானே இருக்கு?"

"தண்ணி எப்ப மாத்துனீங்க?"

"காலைலதான் மேடம்."

"எனக்கு முன்னாடி யாராவது கால் வெச்சாங்களா?"

"ஒரு தாத்தா."

அந்தத் தாத்தாவின் கால் எப்படியிருந்தது என்ற கேள்வி வாய் வரை வந்தது. கேட்கவில்லை. தண்ணீரை மாற்றச் சொன்னேன். அதுவும் போதாதென்று, முன்யோசனையாகக் கைப்பையில் கொண்டுபோயிருந்த மஞ்சள்தூளைப் பிரித்து முழுப் பொட்டலத்தையும் தண்ணீரில் கொட்டினேன். விற்பனைப் பெண் காலிப் பொட்டலத்தை இரண்டு விரலால் எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டாள். போனில் தண்ணீர் பட்டுவிடுமோ என்று அதை அணைத்துப் பையின் அடியில் போட்டேன். எப்போதும் காலில் போட்டிருக்கும் இரண்டு ஜோடி சாக்ஸையும் உருவி, சுடிதார் பேன்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டி, துப்பட்டாவால் மூடி, காலை உள்ளே விட்டேன்.

உண்மையைச் சொல்கிறேன், சொர்க்கம். உருளைகள் பாதத்தில் ஆரம்பித்துக் கெண்டைக்கால் வரை ஏறி இறங்கின. குமிழிகள் கிச்சுகிச்சு மூட்டின. விற்பனைப் பெண் கையில் துண்டோடு கீழே முட்டி போட்டு உட்கார்ந்திருந்தாள். ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழன் அன்று, இயேசு சீடர்களுக்குச் செய்த மாதிரி, எங்கள் பங்குக் கோவிலில் ஃபாதர் பன்னிரண்டு பேரை வரிசையாக உட்கார வைத்துக் காலைக் கழுவுவார். அந்தப் பன்னிரண்டு பேரும் அதற்கு முன்பே வீட்டில் நன்றாகத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் வருவார்கள். அவர்கள் முகத்தில் தெரியும் கூச்சம் கலந்த பெருமை அன்று என் முகத்திலும் இருந்திருக்க வேண்டும். கணவர் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, விற்பனைக்கு வைத்திருந்த மசாஜ் நாற்காலியில் உட்கார்ந்து, எதிர்பார்த்தபடி தூங்கிப்போனார். குழந்தை அவர் சட்டைப் பட்டனைச் சாப்பிட முயன்றுகொண்டிருந்தாள். எழுந்து போய்த் தடுக்கலாமா, டெமோவின் பதினைந்து நிமிஷம் முடியட்டுமா என்று யோசித்தபடி நிமிர்ந்து பார்த்தேன்.

கண்ணாடிக்கு வெளியே எங்கள் பஸ் நின்றிருந்தது.

என்ன நடந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. எங்கள் உறைகளை வாங்கும் கார் கம்பெனியில் வேறு ஏதோ பாகம் வராமல் லைன் நின்றுவிட்டது. அங்கே நின்றால் இங்கேயும் நிற்கும். பத்தரை மணிக்கே எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். லைன் குரூப்பில் செய்தியும் போட்டிருந்தார்கள். நான்தான் போனை அணைத்துப் பாதுகாப்பாகப் பையின் அடியில் வைத்திருந்தேனே. முன்னால் புது கார்களை ஏற்றிய நீள ட்ரெய்லர் ஒன்று திரும்ப முடியாமல் சாலையை அடைத்துக்கொண்டு நிற்க, அதற்குப் பின்னால் எங்கள் பஸ், சரியாக என் எதிரே.

பஸ்ஸின் இந்தப் பக்க ஜன்னல்கள் மொத்தமும் திறந்தன. அந்தப் பக்கம் இருந்தவர்களும் இந்தப் பக்கம் வந்தார்கள்.

"ஏய்! நம்ம ஃபைனலுடி!"

"மஞ்சத் தண்ணில கால வெச்சுகினு கீது பாரேன். நலங்கா?"

"இன்னாடி, ரெண்டாங் கல்யாணமா? மாப்ள பின்னாடி தூங்குறாரு!"

முன் சீட்டில் எங்கள் லைன் லீடர் அக்கா. மணிமங்கலத்துக்காரர், இருபது வருடமாக வேலையில் இருப்பவர், சிரிக்காதவர். அவர் மட்டும் சத்தம் போடவில்லை. என் முகத்தைப் பார்க்கவில்லை. டப்பையும் பார்க்கவில்லை. அவசரத்தில் நான் வெளியே எடுத்துவிட்ட இடது காலையே பார்த்துக்கொண்டிருந்தார். மஞ்சள் தண்ணீர் சொட்டச் சொட்ட அந்த நரம்பு முழு வெளிச்சத்தில் மின்னியது. வெளிச்சம் உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது.

"இதையே பேக் பண்ணிடுங்க" என்றேன்.

நாற்பது நாள் கட்டம் போட்டவள், நான்கு நொடியில் வாங்கினேன். ஒயர் நீளம் எவ்வளவு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மறுநாள் உடை மாற்றும் அறைக்குள் போகும்போது, உள்ளே கேட்டுக்கொண்டிருந்த சிரிப்பு நின்றது. லைன் லீடர் அக்கா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"எங்க, காட்டு."

"சுளுக்குதான்க்கா. நேத்து லேசா..."

"பொய் சொல்லாத. காட்டு."

சாக்ஸை இறக்கினேன். அக்கா குனிந்து, நான் தையலைப் பார்ப்பது போலவே விரலால் தடவிப் பார்த்தார்.

"இதுக்கா ஊரக் கூட்டி வெந்நி வெச்ச? இத்தப் பாரு." தன் பேன்ட்டைச் சுருட்டினார். என்னுடையது பஸ் ரூட் என்றால் அவருடையது மாவட்ட வரைபடம். நீலமும் பச்சையுமாக, ஏரிகளும் கால்வாய்களுமாக இருந்தது.

"ஐய, எனக்கு ரெண்டு காலும் கீது" என்றாள் தையல் மெஷினில் இருப்பவள், தோற்றுவிட மனமில்லாமல். பிறகு ஒவ்வொருத்தியாக பெஞ்சில் காலைத் தூக்கி வைத்தார்கள். பதினொரு பேரில் ஏழு பேருக்கு இருந்தது. அத்தனை பேரும் அத்தனை நாளும் ஒருவருக்கொருவர் தெரியாமல் ரெண்டு சாக்ஸ் போட்டுக்கொண்டு நின்றிருக்கிறோம். இல்லாத நாலு பேரும் கொஞ்சம் தள்ளி, வெட்கத்தோடு நின்றார்கள்.

என் செக் ஷீட்டைக் கேட்டார்கள். மதியத்துக்குள் அது லைன் குரூப்பில் சுற்றி, முதலுதவி அறை நர்ஸ் கைக்கும் போய்விட்டது. சாயங்காலம் அவர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"எல்லாம் நல்லா எழுதியிருக்கே. ஒரு கட்டம் வுட்டுட்டியே."

"எது சிஸ்டர்?"

"இந்த நரம்புக்கு வெந்நீர் ஆகுமான்னு. ஆகாது. சூடு பட்டா அது இன்னும் விரியும், வீக்கம் ஏறும். அந்த உருளையும் அது மேல ஓட வேணாம். மொதல்ல ஒரு டாக்டரப் பாரு. அதுவரைக்கும் காலை ஒசத்தி வை. நடுநடுல உக்காரு."

"இங்கயா சிஸ்டர்? எங்க உக்கார்றது?"

டாக்டரைப் போய்ப் பார்த்தேன். அவரும் அதையே சொல்லி, இறுக்கமான நீள சாக்ஸ் ஒன்றை எழுதிக் கொடுத்தார்.

நேர்காணல் மூன்று வாரம் கழித்து வந்தது. அந்த மூன்று வாரமும் என் பயம் ஒன்றுதான்: கால் விஷயம் மேலே போயிருக்குமா? போயிருந்தால் என்ன சொல்வது? சுளுக்கு என்று சொல்லலாம். அழகுக்காக என்றும் சொல்லலாம். பாதத்துக்கு ஏதோ செய்துகொள்கிறார்களே, அது. கண்ணாடி முன்னால் நின்று இரண்டையும் சொல்லிப் பார்த்தேன். இரண்டும் பொய் மாதிரியே இருந்தன.

மனிதவள மேலாளர் என் ஃபைலைப் புரட்டினார். வருகைப் பதிவு பார்த்தார். தலையசைத்தார். பிறகு ஃபைலை மூடிவிட்டு, கதவு மூடியிருக்கிறதா என்று பார்த்தார்.

"ஒண்ணு கேக்கணும்மா. அந்த டப்பு எப்டி?"

மேஜைக்கு அடியில் இடது காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.

"அன்னிக்கு பஸ்ஸுக்குப் பின்னாடி என் கார்தான். வீட்ல அவங்களுக்கும் கால் வலி. டீச்சர், நாள் பூரா நிப்பாங்க. வாங்கிக் குடுத்தா நல்லா இருக்குமா?"

கெட்டிக்காரியாக இருந்திருந்தால், நன்றாக இருக்கும் சார் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்திருப்பேன். ஆனால் என்னிடம் ஒருவர் ஒரு பொருளைப் பற்றிக் கேட்டால் முழு அறிக்கை கொடுக்காமல் எனக்கு வாய் மூடாது. சத்தம், விளிம்பு, உருளையின் உயரம், தண்ணீர் கொட்டும் குழாய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குறித்துக்கொண்டார்.

"ஆனா அவங்களுக்கு நரம்பு புடைச்சிருந்தா வாங்காதீங்க சார். வெந்நீர் ஆகாது."

"அப்ப நீங்க ஏன் வாங்குனீங்க?"

"தெரியாம வாங்கிட்டேன் சார்."

"உங்களுக்கு அது இருக்கா?"

தயாராக வைத்திருந்த சுளுக்கு நாக்கின் நுனியில் இருந்தது. மகள் தவழ்ந்து போய்க் கதவு நிலையைப் பிடிக்கிற காட்சி கண்ணில் ஓடியது. அவர் மனைவியின் கால் எப்படியிருக்கும் என்றும், ஏனோ, யோசித்தேன்.

"இருக்கு சார். எனக்கு மட்டும் இல்ல. யார் யாருக்குன்னு சொல்ல மாட்டேன். டாக்டர் உக்காரச் சொல்றாங்க. கடைசி ரெண்டு மணி நேரம் நான் சீட்டு உறையைப் பாக்கறது இல்ல சார், மணியைத்தான் பாக்கறேன். அந்த நேரத்துல என்ன போகுதுன்னு எனக்கே உறுதி இல்ல. இன்ஸ்பெக்‌ஷன் டேபிளாண்ட உயரமா ஒரு ஸ்டூல் இருந்தா, உக்காந்துக்கினே பாக்கலாம்."

சொல்லிவிட்டேன். முன்னொரு காலத்தில் ஸ்டூல் கேட்ட அந்தப் பெண் நான்தான் என்று ஆகிவிட்டது. அவர் எதையோ எழுதினார். தலைகீழாகப் படித்தேன், உற்றுப் பார்ப்பதற்குத்தானே எனக்குச் சம்பளம். "ஸ்டூல் 3?" என்று எழுதி, அதன் கீழே "டப் வேண்டாம்" என்று அடிக்கோடிட்டிருந்தார்.

பத்து நாள் கழித்து நிரந்தரக் கடிதம் வந்தது. அதை வாங்கிய கையோடு, சொன்னதற்காகக் கொடுத்தார்களா, சொல்லியும் கொடுத்தார்களா என்று குழம்ப ஆரம்பித்தேன். இன்னும் தீரவில்லை. மகள் இப்போது காப்பகத்தில் இருக்கிறாள். சாப்பாட்டு இடைவேளையில் போய்ப் பார்த்தால், என்னை யாரோ இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தவர் மாதிரி பார்க்கிறாள். கணவர் பகலில் நிம்மதியாகத் தூங்குகிறார். அதற்கு முன் அரை மணி நேரம் டப்பில் காலை வைத்துக்கொண்டு டீ குடிக்கிறார். அவர் காலில் ஒரு குறையும் இல்லை. வீட்டு உரிமையாளர் அக்காவும் வெள்ளிக்கிழமைகளில் மேலே வந்து கால் வைத்துவிட்டுப் போகிறார். அவர் காலை நான் முதலில் சோதித்துத்தான் அனுமதித்தேன்.

ஸ்டூல்கள் அதற்கடுத்த வாரம் வந்தன. மூன்றுதான். லைன் லீடர் அக்கா ஆளுக்கு இருபது நிமிஷம் என்று சுண்ணக்கட்டியால் பலகையில் முறை எழுதினார். முதல் பெயராக என்னுடையதைப் போட்டார். "நலங்குப் பொண்ணு மொதல்ல உக்காரட்டும்" என்றார். அப்போதும் சிரிக்கவில்லை.

உட்கார்ந்தேன். ஸ்டூல் லேசாக ஆடியது. குனிந்து பார்த்தேன்: நான்கு கால்களில் ஒன்று நூலளவு குட்டை. வெல்டிங்கில் பிசிறு. பெயின்ட் ஓரிடத்தில் பொங்கியிருந்தது. கை தானாகவே சிவப்பு ஸ்டிக்கர் ரோலுக்குப் போயிற்று.

என்.ஜி. ஒட்டினால் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். திரும்பி வரும் என்று யார் சொன்னது?

கையை இழுத்துக்கொண்டேன். மூன்று வருடத்தில் குறை தெரிந்தே ஓகே போட்ட ஒரே பொருள் அந்த ஸ்டூல்தான். அதன் குட்டைக் காலுக்கு அடியில் ஒரு சீட்டுத் துணியை மடித்து வைத்துவிட்டு, என் இடது காலை நீட்டி, அடுத்த உறையைக் கையில் எடுத்தேன்.